பூச்சி கட்டுன அக்கா

எனக்கு வாய் மட்டும் இல்லன்னா நாய் தூக்கிட்டுப் போயிரும்னு எங்க லயத்துல சொல்லுவாங்க. சொல்லட்டும். நான் பேசுற ஆளுதான். தண்ணி புடிக்கிற பீலிக்கரையில குடத்த வெச்சா, தண்ணி நெறஞ்சு வழிஞ்சு ஓடுனாலும் என் கதை முடியாது. அப்பேர்ப்பட்ட நான், பேச வேண்டிய ஒரு நேரத்துல பதினேழு நாள் வாயத் தொறக்காம இருந்தேன். அதனால ஒரு மனுசி பட்ட பாட்ட நெனச்சா இன்னைக்கும் சோறு எறங்க மாட்டேங்குது. அவங்க பேரச் சொல்ல மாட்டேன். அக்கான்னுதான் கூப்புட்டேன், அதுவே போதும்.

லிந்துலைப் பக்கம் எங்க தேயிலைத் தோட்டம், வரிசையாக் கட்டுன தொழிலாளி வீடுங்கதான் லயம். அக்கா புள்ளக்காம்பராவுல பெரிய ஆயா, நான் அவங்களுக்கு அடுத்தவ. கொழுந்து பறிக்கப் போற பொம்பளைங்க விடியக்காலையில கைப்புள்ளைங்கள எங்ககிட்ட விட்டுட்டு பேரு பதியப் பெரட்டுக்கு ஓடுவாங்க. முப்பது, நாப்பது புள்ளைங்க இருக்கும். எல்லாத்துக்கும் கஞ்சி குடுத்து, மூக்குத் தொடச்சு, மத்தியானம் ஒருவழியாத் தூங்க வெச்சுட்டோம்னா எங்களுக்கு ஒரு மணி நேரம் கெடைக்கும். அந்த ஒரு மணி நேரத்துல நான் சன்னல் கட்டையில உக்காந்து ஊர்க்கதை பேசுவேன். அக்கா பூச்சி கட்டுவாங்க.

பூச்சின்னா மீன் புடிக்கிற பூச்சி. மண்புழுவக் கோத்துப் போட்டுட்டு உக்காந்துருப்பாங்களே, அந்தத் தூண்டில் இல்ல. அரிசி மணியவிடக் கொஞ்சம் பெருசா ஒரு தூண்டில் முள்ளு. மேசை ஓரத்துல முடுக்கி வெச்ச குட்டி இடுக்கியில அத மாட்டி, பட்டு நூலச் சுத்தி, சேவக்கழுத்து இறகு ஒண்ண வெச்சு வளைச்சு வளைச்சுச் சுத்துவாங்க. இறகு சிலுத்துக்கிட்டு நிக்கும். ஒடம்புக்கு ஏதாவது ஒரு மயிரத் திரிச்சுச் சுத்தணும். கடைசியா முடிச்சுப் போட்டு, நூலப் பல்லால கடிச்சுட்டு, முடிச்சு மேல நகத்துக்குப் பூசுற கியூட்டெக்ஸ் ஒரு சொட்டு வெப்பாங்க. காஞ்ச பெறகு பாத்தீங்கன்னா ஊதுனா பறந்துரும் போல இருக்கும்.

எங்க அணையிலயும், அணைக்கு மேல காட்டுக்குள்ளேருந்து வர்ற ஆத்துலயும் ட்ரவுட் மீனு இருக்கு. வெள்ளக்காரன் கொண்டாந்து விட்டதாம். தேயிலையும் அவன் கொண்டாந்ததுதான், நம்மளையும் அவன் கொண்டாந்ததுதான், அது கெடக்கட்டும். அந்த மீனு கண்ணாடி மாதிரித் தண்ணியில ஒரே எடத்துல நின்னுக்கிட்டு, மேல வந்து உக்கார்ற பூச்சியப் பாத்துத்தான் கவ்வும். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் போச்சு, அன்னைக்குப் பூரா அந்தப் பக்கம் வராது.

அக்கா இத யாருகிட்டயும் போய்ப் படிக்கல. முன்னால அவங்க மேல் பங்களாவுல வேலை செஞ்சாங்க. அங்க ரிட்டையர் ஆன ஒரு சிங்கள ஐயா குடியிருந்தாரு, மாத்தயான்னு கூப்புடுவோம், மீன் புடிக்கிற கிறுக்கு. வயசாக வயசாக அவருக்குக் கை நடுக்கம் வந்து, நூலும் இறகும் கையில நிக்காம, பூச்சி கட்ட உக்காந்தா சிங்களத்துல திட்டிக்கிட்டே இருப்பாராம். தேத்தண்ணி குடுக்கப் போன அக்கா ஒருநாள் கோப்பைய வெச்சுட்டு, அவரு கையிலேருந்து நூல வாங்கிக் கட்டி முடிச்சுட்டு, திரும்பிப் பாக்காம அடுப்படிக்குப் போயிட்டாங்களாம். அதுக்கப்புறம் கட்டுறது அக்கா, வீசுறது மாத்தயா. கால் வராமப் போனதும் வீசுறதும் அக்காதான், அவரு கரையில நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டாரு. அவரு செத்த பெறகு கம்பும் பெட்டியும் அக்காகிட்ட வந்துச்சு. தோட்டத்த நடத்துற பெரியதொரையும் அந்தம்மா புடிச்சுக்கட்டும்னு விட்டுட்டாரு.

ஞாயித்துக்கிழமை காலையில பாக்கணும் அவங்கள. சேலைய முழங்காலுக்குத் தூக்கிச் சொருகி, கொழுந்துக்காரங்க மாதிரி இடுப்புல படங்குச் சாக்கு கட்டி, கறுப்பு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு ஆத்துல எறங்குவாங்க. எறங்குன ஒடனே வீச மாட்டாங்க. ஒரு கல்லத் தூக்கி அடியில என்ன ஊருதுன்னு பாப்பாங்க, இன்னொரு கல்லப் பாப்பாங்க, மேல என்ன பறக்குதுன்னு பாப்பாங்க. அப்புறம் பெட்டியத் தொறந்து அதே மாதிரி ஒண்ண எடுப்பாங்க. குனிஞ்சுதான் நடப்பாங்க, நெழல் தண்ணியில விழுந்துரக் கூடாதாம். கம்ப வீசுனா அந்தக் கயிறு தலைக்கு மேல முன்ன ஒருக்கா பின்ன ஒருக்கா போய், கடைசியில பூச்சி மட்டும் மெதுவா எறங்கி உக்காரும். வீட்டுச் சமையலுக்கு ஒரு மீனு. அதுக்கு மேல மாட்டுனா விட்டுருவாங்க. புடிச்சத விடுறதுக்கு எதுக்குப் புடிக்கணும்னு நான் கேக்காத நாள் இல்ல. அவங்க பாட்டுக்கு அடுத்த கல்லத் தூக்குவாங்க.

அதுதான் அக்கா. எதுக்கும் வெளக்கம் சொல்ல மாட்டாங்க. கேட்டா, "கண்ணு இருக்குல்ல, பாத்துக்கட்டும்"னு ஒரே வார்த்தை. ஒருக்கா ஒரு தாய்க்காரி, புள்ள நெத்தி வீங்கியிருக்கு, நீதான் கீழ போட்டுட்டன்னு நடுவாசல்ல நின்னு கத்துனா. அக்கா பாட்டுக்குக் கஞ்சி ஆத்திக்கிட்டிருந்தாங்க. எனக்குத்தான் பத்திக்கிட்டு வந்து நாலு வார்த்தை குடுத்தேன். மறுநாள் அவ கண்ணு முன்னாலயே அந்தப் புள்ள வாங்குப் பலகையில மோதி அடுத்த பக்கமும் வீங்க வெச்சுக்கிச்சு. அக்கா நெத்தியில எண்ணெய் தடவி விட்டாங்க, அவ்வளவுதான். மேல் பங்களா ஓட்டலா மாறுன பெறகு வந்த வெள்ளக்காரர் ஒருத்தரு, அக்கா கட்டுனதப் பாத்துட்டு இந்த மாதிரி பூச்சி புஸ்தகத்துலயே இல்லையேன்னு சிரிச்சாரு. அக்கா அத அவரு கையில வெச்சுட்டு வந்துட்டாங்க. மத்தியானம் மனுசன் நனஞ்ச காற்சட்டையோட புள்ளக்காம்பராவுக்கு ஓடியாந்து, கையில மீனத் தூக்கிப் புடிச்சுக்கிட்டுச் சத்தம் போட்டதுல தூங்குன அத்தன புள்ளைங்களும் எந்திரிச்சுருச்சு. அன்னைக்கு அக்கா அவரத் திட்டுனாங்க. மீனுக்காக இல்ல, புள்ளைங்க எந்திரிச்சதுக்கு.

இன்னொண்ணு சொல்லணும். மயிரு, இறகு, நூலு எத எங்க பாத்தாலும் அக்கா குனிஞ்சு எடுத்துருவாங்க. முனியாண்டி கோயில்ல சேவல் அறுக்குறப்ப எல்லாரும் கறிப்பங்குக்கு நிப்பாங்க, அக்கா கழுத்துத் தோலுக்கு நிப்பாங்க. இறகோட வாங்கி, உப்பும் சாம்பலும் தடவிக் காயப்போட்டு வெப்பாங்க. பெரியதொர நாயச் சீவுன மயிரு, அணில் வாலு, தையக்கட முஸ்லிம் நானா தூக்கிப் போடுற பட்டுநூல் துண்டு, எல்லாம் பெட்டிக்குள்ள போகும். பாக்குறவங்களுக்கு ஒருமாதிரியாத்தானே இருக்கும்? சொன்னா, கண்ணு இருக்குல்லன்னுருவாங்க. கண்ணு இருக்கு, ஆனா எல்லாக் கண்ணும் ஒரே மாதிரியா பாக்குது?

இப்ப என் கதைக்கு வர்றேன். எங்கண்ணன் வீட்டுலதான் அப்ப நான் இருந்தேன். மதினி என் வயசுக்காரி, ஒண்ணாப் படிச்சவ. ரெண்டு தடவ கலைஞ்சு போய், மூணாவதா முழுகாம இருந்தா. நாலு மாசம். வீட்டுல எல்லாரும் முட்டைமேல நடக்குற மாதிரி நடந்துக்கிட்டிருந்தோம்.

மாரியம்மன் திருவிழா வந்துச்சு. புதுச் சேலைக்கு அழகாக் குத்திக்க எனக்கு ஒரு அலங்கார ஊசி இல்ல. அந்த வாரம் அக்கா செம்பட்டைச் சேவல் இறகுல ஒரு பூச்சி கட்டுனாங்க பாருங்க, வெயில்ல வெச்சா பொன்னு மாதிரி மின்னுது. கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமா வருது. ஆனா ரெண்டு நாளைக்கு முன்னாலதான் பீலிக்கரையில எல்லாரும் கேக்க, நாய் மயிரத் திரிச்சுக்கிட்டு என்ன பொழப்பத்த வேலை இதுன்னு அக்காவக் கிண்டல் பண்ணியிருந்தேன். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்குறது? அவங்க புள்ள கழுவப் போன நேரத்துல பெட்டியத் தொறந்து ரெண்டு எடுத்துட்டேன்.

ஒண்ண என் டிரங்குப் பெட்டியில சேலைக்குள்ள ஒளிச்சேன். இன்னொண்ண படுத்துக்கிட்டுப் பாத்துக்கிட்டிருந்தப்ப மதினி உள்ள வந்துட்டா. சட்டுன்னு தலகாணி உறைக்குள்ள தள்ளுனேன். அப்புறம் எடுத்துக்கலாம்னு நெனச்சு மறந்துட்டேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. மறுநாள் மதினி மேலுக்கு முடியலன்னு அந்தத் தலகாணியில படுத்துருக்கா. காதுக்குப் பின்னால முள்ளு குத்தியிருக்கு. உறைய உதறுனா விழுது: இரும்பு முள்ளு, கறுப்பு நூலு, சேவ இறகு, செம்பட்ட மயிரு. அன்னைக்குச் சாயங்காலமே அவளுக்கு லேசா ரத்தம் பட்டுருச்சு.

பெரியாஸ்பத்திரியில மூணு நாள் வெச்சு, புள்ள இருக்கு, அசையாமப் படுக்கணும்னு அனுப்பிட்டாங்க. ஆனா அதுக்குள்ள எங்கண்ணன் குறி சொல்ற கோடாங்கியக் கூட்டியாந்துட்டாரு. அவரு உடுக்கு அடிச்சு, புள்ளைங்கள வெச்சுக்கிட்டு இருக்குற கையிதான் புள்ளையக் கலைக்க மருந்து வெச்சுருக்குன்னுட்டாரு. மயிரும் இறகும் பொறுக்குறவ யாருன்னு லயத்துக்கே தெரியும். திங்கக்கிழமை புள்ளக்காம்பராவுக்குப் பதினஞ்சு புள்ள வந்துச்சு. புதன்கிழமை ரெண்டு. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. தாய்மாரு முதுகுல கட்டிக்கிட்டே கொழுந்து மலைக்குப் போனாங்க.

சொல்லிறலாம்னு ஒவ்வொரு நாளும் வாய் வரைக்கும் வரும். சொன்னா அண்ணன் வெட்டிப் போடுவாரு. அதவிட இன்னொரு பயம். கர்ப்பிணி தலைமாட்டுல இரும்பு முள்ளக் கொண்டுபோய் வெச்சவ நான். அந்தப் புள்ள நெசமாவே கலைஞ்சு போச்சுன்னா? சூனியம்லாம் நம்பாதவதான் நான், ஆனா அந்த நாள்ல நம்புனேன். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க. காலிப் புள்ளக்காம்பராவுல நானும் அக்காவும் மட்டும் எதுக்கெதுக்க உக்காந்துருப்போம். அவங்க பூச்சி கட்டுவாங்க. நான் பேச மாட்டேன். என்னாச்சு ஒனக்குன்னுகூட அவங்க கேக்கல.

தோட்டத்துல வெல்பெயார் பாக்குற ஐயா வந்து, மாசக் கடைசிக்குள்ள புள்ளைங்க வரலன்னா வேற ஆளப் போட வேண்டியதுதான்னு அக்காகிட்ட சொல்லிட்டுப் போனாரு. அக்காவுக்குப் புருசன் இல்ல. மகன் வலப்பனையில மரக்கறிக் கடையில வேலை, அவனே இன்னொருத்தர் வீட்டுல தங்கியிருக்கான். வேலை போனா குடியிருக்குற லயத்துக் காம்பராவும் போகும்.

அந்த ஞாயித்துக்கிழமை தோட்டத்துச் சங்கத் தலைவரு எல்லாரையும் கூட்டுனாரு. பூச்சிய ஒரு வெத்தலையில வெச்சு நீட்டி, இது யாரோடதுன்னாரு. என்னோடதுன்னாங்க அக்கா. தலகாணியில வெச்சது நீயான்னாரு. இல்லன்னாங்க. பின்ன இது எதுக்குன்னாரு. கண்ணு இருக்குல்ல, வந்து பாருங்கன்னு சொல்லிட்டு, கம்ப எடுத்துக்கிட்டு அணைக்கு நடந்தாங்க. லயமே பின்னால போச்சு.

அணைக்கட்டு மேல வரிசையா நாங்க அம்பது, அறுவது பேரு. எங்க நெழல் பூராவும் தண்ணியில. சின்னப் பசங்க கல்லு விட்டெறியிறாங்க. அக்கா வீசுனாங்க. பூச்சி போய் உக்காந்துச்சு, மீனு வரல. பத்துத் தடவ, பதினஞ்சு தடவ. மாரியாத்தா, ஒரே ஒரு மீன அனுப்புன்னு நான் வேண்டுனது அவளுக்குத்தான் தெரியும். ஒண்ணுகூட வரல. கூட்டத்துல யாரோ சிரிச்சாங்க. நெழலு விழுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், தள்ளி நில்லுங்கன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல அந்த மனுசி. கயித்தச் சுத்திக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க.

அப்புறம் முடிவு பண்ணுனாங்க, வெள்ளிக்கிழமை கோயில்ல சத்தியம் பண்ணட்டும்னு. எங்க பக்கத்துல அது வழக்கம். தட்டுல கற்பூரத்த ஏத்தி, சொல்லவேண்டியதச் சொல்லி, வெறுங்கையால அடிச்சு அணைக்கணும். அணைச்சுட்டா அதுக்கு மேல பேச்சு இல்ல. எனக்கு உசுரு வந்துச்சு. அக்கா வெக்கல, அணைப்பாங்க, முடிஞ்சுரும், நான் எதுவும் சொல்லத் தேவையில்ல. அப்பிடித்தான் நெனச்சேன். வெக்கமாத்தான் இருக்கு, ஆனா அப்பிடித்தான் நெனச்சேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் நெறஞ்சிருந்துச்சு. மதினிய அண்ணன் மெதுவாக் கூட்டியாந்து படியில உக்கார வெச்சாரு. பூசாரி கற்பூரத்த ஏத்துனாரு. அக்கா கையத் தூக்கிட்டாங்க. அப்ப பூசாரி, நான் சொல்றதச் சொல்லும்மான்னு சொல்லிக் குடுத்தாரு. "இத நான் வெக்கல. வெச்சவ யாரா இருந்தாலும் அவ வீட்டுல வெளக்கெரியாமப் போகட்டும்."

தூக்குன கைய அக்கா கீழ போட்டாங்க.

"நான் வெக்கலன்னு மட்டும் சொல்றேன் பூசாரி. அடுத்தது வேணாம்."

வழக்கத்த மாத்த முடியாதுன்னாரு பூசாரி. அப்பிடின்னா நான் அணைக்கலன்னாங்க அக்கா. கூட்டம் சலசலன்னு ஆயிருச்சு. பயப்படுறா பாத்தியா, அப்ப அவதான்னு என் பக்கத்துலேருந்தே ஒரு கெழவி சொன்னா. தலைவரு தலைய ஆட்டிக்கிட்டு எந்திரிச்சுட்டாரு. அக்கா யாரையும் பாக்கல. என்னையும் பாக்கல.

எனக்கு அப்பத்தான் ஒறச்சுது. வெச்சவ வீடு எங்க வீடு. படியில வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்துருக்காளே, அவ வீடு. அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கு. மொத நாளே தெரிஞ்சிருக்கு. வேலை போகட்டும், காம்பரா போகட்டும், பேரு போகட்டும்னு கைய எறக்குறாங்க, எங்க வீட்டு வெளக்குக்காக.

நான் எப்பிடி முன்னால போனேன்னு தெரியல. கற்பூரத்துல கைய அடிச்சேன். சுளீர்னுச்சு.

"வெச்சவ நான்தான். அக்கா பெட்டியிலேருந்து திருடுனேன். சேலையில குத்திக்கத் திருடுனேன். அது மீன் புடிக்கிற பூச்சி, வேற ஒண்ணும் இல்ல."

அண்ணன் விட்ட அறை இன்னும் காதுக்குள்ள இருக்கு. மதினி ஒரு மாசம் எங்கூடப் பேசல. எங்கூடப் பேசாட்டிப் போகட்டும், புள்ள நல்லபடியா பொறந்துச்சு. அடுத்த திங்கக்கிழமை புள்ளைங்க எல்லாம் திரும்பி வந்துச்சு. ஒரு தாய்க்காரியும் வாயத் தொறந்து மன்னிப்புக் கேக்கல. ஒருத்தி ஒரு பூசணிக்காயக் கொண்டாந்து வாசல்ல வெச்சுட்டுப் போனா. அக்கா பூசணிக்காய அறுத்து எல்லாப் புள்ளைக்கும் கறி வெச்சாங்க. எனக்கும் ஒரு கோப்பை.

வருசக் கடைசியில அக்காவுக்கு வயசாச்சுன்னு வேலையிலேருந்து நிப்பாட்டுனாங்க. மகன் வலப்பனையில தனியா ஒரு அறை எடுத்துட்டான், கூட்டிக்கிட்டுப் போக வந்துட்டான். அவங்க கெளம்புறதுக்கு மொத நாள் பெட்டி கட்ட நான் போனேன். அன்னைக்குத்தான் கேட்டேன், நான்தான்னு தெரிஞ்சும் ஏன்க்கா சொல்லலன்னு. அவங்க நூல்கண்டச் சுத்திக்கிட்டே சொன்னாங்க.

"நீ சொல்லுவன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

எனக்குக் கோவம் வந்துருச்சு. நெசமாத்தான். பொழப்பே போகுற நேரத்துல பதினேழு நாள் பாத்துக்கிட்டு இருக்குறதா? நான் என்ன மீனான்னு கேட்டேன்.

"மீனா இருந்தா பத்து வீச்சுல விட்டுட்டு வேற எடத்துக்குப் போயிருப்பேன்."

நான் அழுதேன். அவங்க அழ விட்டாங்க. அப்புறம் பூச்சிப் பெட்டியத் தொறந்து என் பக்கம் திருப்பி, பஞ்சுல ரெண்டு குழி காலியா இருக்குறதக் காட்டுனாங்க. கோயில்ல நீ ஒண்ணப் பத்தித்தானே சொன்னன்னு கேட்டாங்க. ஓடிப் போய் டிரங்குப் பெட்டியிலேருந்து இன்னொண்ண எடுத்தாந்து குடுத்தேன். அக்கா அத வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. இறகு நசுங்கல, நல்லாத்தான் வெச்சுருக்கன்னாங்க. பெறகு குறட்ட எடுத்து முள்ளோட நுனிய நறுக்குன்னு வெட்டிட்டு, அரத்துல நாலு இழுப்பு இழுத்து, தன் உள்ளங்கையில குத்திப் பாத்துட்டு என் கையில வெச்சாங்க. இனி யாரையும் குத்தாது, சேலையில போட்டுக்கன்னாங்க.

அது இப்ப எங்கிட்ட இல்ல. அன்னைக்கு மதினி வயித்துல இருந்த மகளுக்கு இப்ப எட்டு வயசு, பள்ளிக்கூடத்துல விழான்னா ஊசி வெச்சுத் தலையில குத்திக்கிட்டுப் போறா. என்னம்மா இது, எங்க வாங்குனதுன்னு டீச்சர்மாரு கேட்டா, அவ கூடப் போன என்னைக் கையக் காட்டுவா. அவங்க திரும்புறதுக்குள்ள நானே முந்திக்கிட்டுச் சொல்லிருவேன், வாங்கல டீச்சர், நான் திருடுனதுன்னு. மிச்சத்தையும் கேட்டா சொல்லுவேன், பதினேழு நாளையும் விடாம.